ஒரு பக்கம் ஒதுங்கும் கார்: போர்ஷ் 911 முப்பது ஆண்டுகளில் கற்ற பாடம்

நேராகச் செல்ல வேண்டிய கார் ஒரு பக்கமாக ஒதுங்கினால், வாகனமோட்டியின் கை தானாகவே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்கிறது. நாளடைவில் அது பழக்கமாகிவிடுகிறது. குறை இருப்பதே மறந்துபோகிறது. சாதாரணக் காரில் இது தோள்வலியோடும் டயர் தேய்மானத்தோடும் போகலாம். வேகத்துக்கென்றே செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரிலோ, அதே குறை உயிரோடு விளையாடக்கூடியது.

குறை தெரியும் இடம் வேறு, குறை பிறக்கும் இடம் வேறு. இதை உலகுக்குப் புரியவைத்த கார்களுள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தயாராகும் போர்ஷ் 911க்குத் தனி இடம் உண்டு. நேராக ஓடவும் வளைவில் தடம் மாறாமல் நிற்கவும் அந்தக் கார் படிப்படியாகக் கற்றுக்கொண்ட வரலாறு, சொந்தக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பயன்படக்கூடியது.

பின்னால் அமர்ந்த எஞ்சின்

போர்ஷ் பெயர் தாங்கிய முதல் காரான 356, ஆஸ்திரியாவின் குமுண்ட் என்ற சிற்றூரில் 1948ஆம் ஆண்டு உருவானது. ஃபெர்டினாண்ட் போர்ஷ் வடிவமைத்த வோல்க்ஸ்வேகன் காரின் பாகங்களைப் பயன்படுத்தி, அவருடைய மகன் ஃபெரி போர்ஷ் அதை உருவாக்கினார். விற்பனைக்கு வந்த 356 கார்களில், வோல்க்ஸ்வேகனில் இருந்ததைப் போலவே, எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருந்தது.

அந்த மரபு அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது. 1963ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் 901 என்ற பெயரோடு புதிய கார் அறிமுகமானது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்க எண்களுக்குப் பிரான்சின் பெஜோ நிறுவனம் உரிமை கொண்டாடியதால், 1964ஆம் ஆண்டு அதன் பெயர் 911 என மாற்றப்பட்டது. 2 லிட்டர் கொள்ளளவும் 130 குதிரைத்திறனும் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின் அதில் இருந்தது.

காரின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின்சக்கரங்களின் மேல் இறங்கியது. இதில் நன்மை இல்லாமல் இல்லை. பின்சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிப்பதால் கார் புறப்படும்போது சக்கரம் வீணாகச் சுழலாது. ஆனால் வில்லிலிருந்து புறப்படும் அம்பை நினைத்துப் பார்த்தால் மறுபக்கம் விளங்கும். முனை கனமாக இருக்கும் அம்பு நேராகப் போகும். வால் கனமான அம்பு தடுமாறும், திரும்பப் பார்க்கும்.

911இலும் அதுதான் நடந்தது. வேகமாகப் போகும்போது பக்கவாட்டில் காற்று வீசினால், கனம் குறைந்த முன்பகுதி காற்று தள்ளிய பக்கம் ஒதுங்கியது. வளைவில் திரும்பும்போது வாகனமோட்டி பயந்துபோய் எரிபொருள் மிதியிலிருந்து காலை எடுத்தால், எடை சட்டென்று முன்னால் சாய்ந்தது. பின்சக்கரங்களின் பிடி தளர்ந்தது. கனமான பின்பகுதி கடிகார ஊசல் போல வெளிப்பக்கம் வீசியது. அச்சத்தில் மனிதன் இயல்பாகச் செய்யும் செயலே அந்தக் காரில் ஆபத்தாக முடிந்தது.

தலையணையை மாற்றிய வைத்தியம்

பொறியாளர்கள் முதலில் கண்ட வழி எளிமையானது. முன்பகுதி கனம் குறைவுதானே? கனத்தைக் கூட்டிவிடலாம்! முன்பக்க பம்பரின் இரண்டு மூலைகளிலும், வெளியே தெரியாதபடி, ஒவ்வொன்றும் சுமார் 11 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புக் கட்டிகள் பொருத்தப்பட்டன. எடையைக் குறைக்கப் பாடுபடும் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம், 22 கிலோ இரும்பைச் சும்மா சுமந்து செல்லும் காரை விற்க வேண்டியதாயிற்று.

தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது என்று நம்மவர்கள் சொல்வார்கள். இரும்புக் கட்டி ஓரளவு உதவியது என்பது உண்மை. ஆயினும் நோய் பின்னால் இருந்தது, மருந்தோ முன்னால் தடவப்பட்டது. நோயை மட்டும் பார்க்காமல் அதன் மூலத்தையும் ஆராய வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவத்தில் சொன்னது வாகனத்துக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் வெடித்த சர்ச்சை

அதே காலக்கட்டத்தில் அமெரிக்காவிலும் பின்பக்க எஞ்சின் கொண்ட ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவர்லே கோர்வேர் என்ற அந்தக் கார், 1960ஆம் ஆண்டு மாடலாகச் சந்தைக்கு வந்தது. அது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, குடும்பக் கார். முன்சக்கர டயர்களில் காற்று 15 பிஎஸ்ஐ, பின்சக்கர டயர்களில் 26 பிஎஸ்ஐ என்று பெரிய வித்தியாசத்தோடு வைக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் அறிவுரை. பின்பகுதி வீசுவதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு, பெட்ரோல் நிலையத்தில் காற்றடிப்பவரின் கைக்குப் போனது. நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்று வைத்துப் பழகியவர்களுக்கு இதன் முக்கியத்துவம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

1964ஆம் ஆண்டு மாடலில் முன்பக்கத்தில் சாய்வைத் தடுக்கும் கம்பி சேர்க்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு மாடலில் பின்சக்கரங்களின் தாங்கு அமைப்பு புதிதாக வடிவமைக்கப்பட்டது. ஆனால் அதே 1965ஆம் ஆண்டின் இறுதியில், வழக்கறிஞர் ரால்ஃப் நாடர் கார் நிறுவனங்களின் அலட்சியத்தைச் சாடி எழுதிய நூல் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயமே கோர்வேரைப் பற்றியது. நாடரைத் துப்பறிவாளர்களை வைத்துப் பின்தொடர்ந்த விவகாரம் அம்பலமாகி, 1966ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டிலேயே வாகனப் பாதுகாப்புச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய கோர்வேர் கார்களைச் சோதித்த அமெரிக்க அரசின் பாதுகாப்புத் துறை, அக்காலத்து மற்றக் கார்களைவிட அவை மோசமானவை அல்ல என்று 1972ஆம் ஆண்டு அறிவித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோர்வேரின் தயாரிப்பு 1969ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிருந்தது.

57 மில்லிமீட்டர் செய்த மாற்றம்

போர்ஷ் நிறுவனம் நோயின் மூலத்தைத் தொட்டது 1968ஆம் ஆண்டில்தான். 1969ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த 911இல் எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்சக்கரங்கள் மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளப்பட்டன. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,211 மில்லிமீட்டரிலிருந்து 2,268 மில்லிமீட்டராக உயர்ந்தது. மூன்று விரல் அகலம்தான்! ஆனால் பின்னால் தொங்கிய கனம் சக்கரங்களுக்கு நெருக்கமானது. ஒரே பேட்டரிக்குப் பதிலாக இரண்டு சிறிய பேட்டரிகள், முன்பகுதியின் இரு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டன. வேலை எதுவும் செய்யாத இரும்புக் கட்டியின் இடத்தை, வேலை செய்யும் பேட்டரி பிடித்துக்கொண்டது.

எல்லா முயற்சியும் வெற்றி பெற்றதாகச் சொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டு மாடலில், எடையை இன்னும் முன்னுக்குக் கொண்டுவர, எண்ணெய்த் தொட்டியைப் பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தினார்கள். அதற்கு எண்ணெய் ஊற்றும் மூடி காரின் வலப்பக்க வெளிப்புறத்தில் அமைந்தது. அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்துச் சிலர் எண்ணெய்த் தொட்டியில் பெட்ரோலை ஊற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டே தொட்டி பழைய இடத்துக்குத் திரும்பியது. கணக்கில் சரியாக இருப்பது கையாளும் மனிதனுக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

அடுத்து காற்றின் பக்கம் கவனம் திரும்பியது. வேகத்தில் காற்று காரைச் சற்றே மேலே தூக்குகிறது. தூக்கப்பட்ட சக்கரம் பிடியை இழக்கிறது. 1972ஆம் ஆண்டு 911 எஸ் காரின் முன்பம்பருக்குக் கீழே காற்றைத் தடுக்கும் விளிம்பு வந்தது. 1973ஆம் ஆண்டின் கரேரா ஆர்எஸ் காரில், வாத்தின் வாலைப் போல் நிமிர்ந்த பின்மூடி பின்பகுதியை அழுத்திப் பிடித்தது. அழகுக்காக வைத்தது என்று பலர் எண்ணும் அந்த வால், தடம் மாறாமல் காக்கும் கருவியாகும்.

மிதியிலிருந்து காலை எடுத்தாலும்

இவ்வளவுக்குப் பிறகும் 1975ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த 911 டர்போ, மனைவியரை விதவையாக்கும் கார் என்ற அவப்பெயரைப் பெற்றது. 260 குதிரைத்திறன் சீராக வராமல் திடீரென்று பாய்ந்து வந்ததும், பின்பகுதியின் கனமும் சேர்ந்து அனுபவமற்றவர்களைத் தடத்திலிருந்து வெளியே தள்ளின.

தீர்வுக்கான அறிவு வேறொரு காரிலிருந்து வந்தது. 911க்கு மாற்றாகக் கருதப்பட்ட 928 என்ற கார் 1977ஆம் ஆண்டு வெளியானது. அதன் எஞ்சின் முன்னால் இருந்தது. நிறுவனத்தின் ஆய்வு மையம் இருக்கும் வைசாக் ஊரின் பெயரால் அழைக்கப்பட்ட அதன் பின்னச்சு, ஒரு நுட்பமான வேலையைச் செய்தது. பொதுவாக, வளைவில் மிதியிலிருந்து காலை எடுத்தால் ரப்பர் புஷ்கள் நெகிழ்ந்து பின்சக்கரம் வெளிப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். வைசாக் அச்சில் அதே நெகிழ்வு சக்கரத்தை உட்பக்கமாகத் திருப்பியது. அச்சத்தில் மனிதன் செய்யும் செயல் காரை நிலைகுலைக்காமல், நிலைப்படுத்தியது.

911ஐ நிறுத்திவிடும் எண்ணம் 1981ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. புதிய தலைவரான பீட்டர் ஷுட்ஸ், தலைமைப் பொறியாளர் ஹெல்முத் போட்டின் அறையில் மாட்டியிருந்த அட்டவணையில் 911இன் கோடு பாதியில் நிற்பதைக் கண்டு, பேனாவை எடுத்து அந்தக் கோட்டைச் சுவர் வரைக்கும் நீட்டினார் என்பது புகழ்பெற்ற நிகழ்ச்சி. 1993ஆம் ஆண்டு வெளிவந்த 993 தலைமுறையில் பின்சக்கர அமைப்பு முழுவதும் புதிதானது. காலை எடுத்தால் பின்பகுதி வீசும் குணம் வெகுவாக அடங்கியது. இரும்புக் கட்டியில் தொடங்கிய முயற்சி உருப்படியான முடிவுக்கு வர, அறிமுகமான நாளிலிருந்து 30 ஆண்டுகள் பிடித்தன.

பட்டறைக்குப் போகும் முன்

சாதாரண வாகனமோட்டிக்கு இதில் என்ன பாடம்? கார் ஒரு பக்கம் இழுத்தால் உடனே அலைன்மென்ட் செய்யப் புறப்படுவது, முன்பம்பரில் இரும்பு வைத்த கதையாகிவிடக்கூடும். எளிய காரணத்திலிருந்து தொடங்குவதே முறை.

முதலில் சாலை. மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிவாக இருக்கும். இடப்பக்கம் ஓட்டும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கார் லேசாக இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பே. சமதளமான, போக்குவரத்து இல்லாத இடத்தில் சோதித்த பிறகே குறை உண்டா என்று முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து டயர். சூடாகாத நிலையில் நான்கிலும் காற்றை அளக்க வேண்டும். காற்று குறைந்த முன்டயரின் பக்கம் கார் இழுக்கும். காற்று சரியாக இருந்தும் இழுத்தால், முன்டயர் இரண்டையும் இடவலமாக மாற்றிப் பார்க்கலாம். இழுக்கும் திசையும் மாறினால் குற்றவாளி டயர்தான். ஒரே திசையில் சுழல வேண்டிய டயர்களைப் பட்டறையின் ஆலோசனை இன்றி மாற்றக் கூடாது.

மூன்றாவது பிரேக். சற்றுத் தூரம் ஓட்டிய பின் ஒரு சக்கரம் மட்டும் அளவுக்கு மீறிச் சுடுகிறதென்றால், அந்தப் பிரேக் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். பிரேக்கை அழுத்தும்போது மட்டும் இழுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இவை சரியாக இருந்தால் மட்டுமே அலைன்மென்ட். சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே அல்லது வெளியே சாய்வது கேம்பர். முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். இவை இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபட்டால் கார் இழுக்கும். மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உட்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருப்பது டோ. முன்சக்கரத்தோடு நிறுத்தாமல் நான்கு சக்கரங்களையும் அளக்கச் சொல்வது அவசியம். பின்சக்கரங்களின் டோ கோணினால் கார் நண்டு போலச் சாய்ந்து நடக்கும். முன்னால் எவ்வளவு திருத்தினாலும் அது தீராது. தேய்ந்த புஷ்ஷையோ, நடைபாதை விளிம்பில் மோதி வளைந்த பாகத்தையோ மாற்றாமல் செய்யும் அலைன்மென்ட் நீடிக்காது.

2017ஆம் ஆண்டில் போர்ஷ் நிறுவனம், பந்தயத்துக்கான 911 ஆர்எஸ்ஆர் காரில் எஞ்சினைப் பின்னச்சுக்கு முன்னால் நகர்த்தியது. சாலையில் ஓடும் 911இல் எஞ்சின் அதே பழைய இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தின் குறை என்ன, அது எப்போது வெளிப்படும், எந்தப் பாகத்தால் அடங்கும் என்பதெல்லாம் தெரிந்துவிட்டதால், அது இன்று கட்டுக்குள் நிற்கிறது. பட்டறையில் காரை விடும்போதும், “எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?” என்பதற்கு முன் “இழுப்பதற்குக் காரணம் எது?” என்று கேட்பவருக்கே பணமும் மிஞ்சும், பயணமும் பாதுகாப்பாக அமையும்.