அரபுத்தமிழும் அரபி கற்றலும்

அரபி கற்கத் தொடங்கும் தமிழ் மாணவர் பலர் முதலில் நாடுவது, தமிழ் எழுத்தில் உச்சரிப்புத் தரும் நூலைத்தான். அரபியில் 'இதயம்' என்பதற்கும் 'நாய்' என்பதற்கும் உரிய சொற்கள் வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குகின்றன. முன்னது உள்நாக்கை ஒட்டிப் பிறக்கும் ஒலி. பின்னது நமது ககரம். தமிழில் எழுதினால் இரண்டும் 'கல்ப்' ஆகிவிடும்.

தமிழ் முஸ்லிம்களின் மரபு இச்சிக்கலை எதிர்த்திசையில் அணுகியது. அரபியைத் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவராமல், தமிழை அரபி எழுத்தில் எழுதினர். அர்வி என்றும் வழங்கும் அரபுத்தமிழ் இதுவே. பகரத்திற்கு ஃபாவின் கீழும், டகரத்திற்குத் தாலின் கீழும் புள்ளி இட்டனர். அரபியில் இல்லாத எகர, ஒகரங்களுக்குப் புதுக் குறிகள் வகுத்தனர். காயல்பட்டினம், கீழக்கரை முதல் இலங்கை வரை இவ்வெழுத்து வழங்கியது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தம் சமயச் சட்ட நூலான 'மகானி'யை இதில்தான் இயற்றினார். கையெழுத்தை அப்படியே பதிப்பிக்கும் கல்லச்சு முறை வந்தபின், புள்ளியிட்ட எழுத்துகளுக்குத் தனி அச்சு வார்க்கும் தேவையும் இல்லாமற்போயிற்று.

கற்பித்தல் நோக்கில் இதன் பயன் பெரிது. ஓதுவதற்காக எழுத்தறிந்த குழந்தை, அதே எழுத்தில் தன் தாய்மொழியையும் பொருளுணர்ந்து படித்தது. தமிழ்த் தொடரின் நடுவே அரபிச் சொற்கள் தம் மூல எழுத்துடனேயே நின்றமையால், கல்ப் எது, கல்ப் எது என்ற ஐயம் எழவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்வழிப் பள்ளிகளும் தமிழ் அச்சும் பரவ, இம்மரபு மெலிந்தது. அதன் விளைவை மும்பையில் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவியில் குடியேறினர். இன்று மாநகராட்சியின் உருது வழிப் பள்ளியில் பயிலும் குழந்தைக்கு அரபி எழுத்து பொருள் தரும் எழுத்தாகவே அறிமுகமாகிறது. தமிழ் வழியிலோ ஆங்கில வழியிலோ பயிலும் தாராவிக் குழந்தைக்கு அது பெரும்பாலும் ஓதும் எழுத்தாக மட்டுமே நின்றுவிடுகிறது. அக்குழந்தை பல்கலைக்கழகத்தில் அரபி எடுத்தால், எழுத்தறிந்தும் மொழியறியாத நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அரபுத்தமிழை மீட்டெடுப்பது எளிதன்று. அதன் கற்பித்தல் நெறியை மீட்கலாம். முதல் சில வாரங்களில் எழுத்தை முழுமையாகக் கற்று, தமிழ் ஒலிபெயர்ப்பை அறவே விடுக. பின்னர், நாம் ஏற்கெனவே அறிந்த அரபிச் சொற்களை அரபி எழுத்தில் எழுதிப் பழகுக. 'சட்டம் அமலுக்கு வந்தது' என்பதிலுள்ள அமலும் மாமூலும் ஒரே மூவெழுத்து வேரின: அயின், மீம், லாம். மாமூலும் மகசூலும் வேரால் வேறுபட்டாலும், 'மஃப்ஊல்' என்னும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. வசூலும் மகசூலும் தமிழ்ச் செவிக்கு உறவுபோல் ஒலித்தாலும் அரபியில் வெவ்வேறு வேரின. வேரும் வாய்பாடும் அரபிச் சொல்லாக்கத்தின் அடிப்படை. அதற்கான முதற்பாடம் தமிழர் அன்றாடம் வழங்கும் சொற்களிலேயே இருக்கிறது. வேற்று எழுத்தைத் தாய்மொழியின் பொருளோடு இணைத்துக் கற்பிக்கலாம் என்பதைக் கீழக்கரை ஆலிம்கள் நன்கறிந்திருந்தனர். நம் பாடத்திட்டங்கள் அதைக் கருதிப் பார்த்தல் நலம்.