தோட்ட எல்லையும் குப்பையின் பாதையும்: வட சிலாங்கூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பத்தாங் காலி ஆறு சிலாங்கூர் ஆற்றுடன் கலக்கிறது. சிலாங்கூர் ஆற்றின் நீர், பெஸ்தாரி ஜெயா (2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை) வட்டாரச் சுத்திகரிப்பு நிலையங்களின் வழியே கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களைச் சென்றடைகிறது. ஆகவே, வட சிலாங்கூரின் தோட்ட ஓரம் ஒன்றில் இரவோடு இரவாகக் கொட்டப்படும் கழிவு அவ்வூராரின் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. குப்பை கொட்டுவோர் தோட்ட ஓரங்களை நாடுவது ஏன்? அதனைத் தடுக்கக் குடிமக்களும் ஊராட்சி மன்றங்களும் மேற்கொண்ட முயற்சிகளுள் பயன் தந்தவை எவை? இவ்விரு வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

தோட்டமும் ஊராட்சியும்

காலனிய ஆட்சியில் தோட்டம் தனக்கெனத் தனி நிருவாகம் கொண்ட நிலமாக விளங்கியது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு முதலியன குடியிருப்பு, துப்புரவு, மருத்துவம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கின. லயங்களைப் பெருக்குவதும் குப்பையைக் குழியிலிட்டுப் புதைப்பதும் தோட்ட நிருவாகத்தின் வேலைகளாயின. நகரின் குப்பை வண்டி தோட்ட வாயிலைக் கடந்து வரவேண்டிய தேவை எழவில்லை. விடுதலைக்குப் பின்னரும் தோட்டம் தனியார் நிலம் என்னும் காரணத்தால் இந்நிலை பெரிதும் தொடர்ந்தது.

ஊராட்சி அமைப்பில் தோட்ட மக்களின் குரல் ஒலிக்கவும் வழி குறுகியது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டு ஆதி நாகப்பன் தலைமையில் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம், மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மன்றங்கள் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநாட்டியது. தமிழர் ஒருவர் தலைமையேற்று உருவாக்கிய அவ்வறிக்கை, தோட்டத் தமிழரின் வாழ்வோடு இணைத்து மீண்டும் படிக்கத்தக்கது என்பது நம் கருத்து.

பின்னர்த் தோட்டங்கள் கைமாறின. பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் உரியனவாயின. முதலாளியின் பொறுப்பு அகன்றது. ஆயின் அவ்விடத்திற்கு ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு உடனே வந்து சேரவில்லை. ஆளரவமற்ற செம்மண் சாலை, பெருஞ்சாலைக்கு அண்மை, பார்ப்பார் இன்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இவ்விடைவெளியையே சட்டவிரோதமாகக் குப்பை கொட்டுவோர் பயன்படுத்திக்கொண்டனர்.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும். உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் குப்பை நிலம் 2005இல் செயல்படத் தொடங்கியது. தலைநகரின் குப்பையை ஏற்கும் அது, முறையான உரிமத்துடன் பொறியியல் முறைப்படி அமைக்கப்பட்டது, சட்டவிரோதமானதன்று. எனினும் புக்கிட் தாகார், நைஜல் கார்ட்னர் முதலிய அவ்வட்டாரத் தோட்டங்களின் முன்னாள் பாட்டாளிகள் தங்கள் வீட்டுரிமைக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராட வேண்டியிருந்தது. நகரின் குப்பைக்கு இடம் கிடைத்த நிலத்தில் உழைத்தவர்க்கு வீடு கிடைக்கத் தாமதமாயிற்று.

ஜெஞ்சாரோம் தரும் படிப்பினை

குடிமக்கள் முயற்சிக்கு மிகத் தெளிவான சான்று அதே மாநிலத்தின் தென்பகுதியில், கோல லங்காட் மாவட்டத்தில் கிடைக்கிறது. 2018 சனவரியில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்தது. திசைமாறிய கழிவு மலேசியாவுக்கு வந்து குவிந்தது. அவ்வாண்டின் முதல் ஏழு மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 7,54,000 டன் இறக்குமதியாயிற்று. ஜெஞ்சாரோம் பகுதியில் செம்பனை நிலங்களிடையே உரிமமற்ற ஆலைகள் முளைத்தன. இரவில் எரிக்கப்பட்ட நெகிழியின் புகை குடியிருப்புகளைச் சூழ்ந்தது.

அவ்வூர் மக்கள் கோல லங்காட் சுற்றுச்சூழல் நடவடிக்கைச் சங்கத்தின்வழி ஒன்றிணைந்தனர். நாற்றம் வரும் திசையைத் தேடிச் சென்று, ஆலைகள் இருக்கும் இடங்களைக் கண்டறிந்து, படமெடுத்துச் சான்றுகளுடன் புகார் அளித்தனர். உரிமத்தைக் கவனிப்பது ஊராட்சி மன்றம். வேளாண் நிலம் வேறு பயனுக்கு மாற்றப்பட்டதை விசாரிப்பது நில அலுவலகம். காற்று, நீர் மாசு சுற்றுச்சூழல் துறைக்கு உரியது. ஒரே குற்றம் மூன்று அலுவலகங்களுக்குள் பிரிந்து கிடந்தது. அவை ஒருங்கே செயல்பட்டபோதுதான் அம்மாவட்டத்தில் 33 ஆலைகள் மூடப்பட்டன. 2020 சனவரிக்குள் நாடளவில் 150 கொள்கலன்கள், 3,737 டன் கழிவுடன், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

இவ்வெற்றிக்கும் ஓர் எல்லை இருந்தது. கோல லங்காட்டில் ஆலைகள் மூடப்பட்டபின் கெடாவின் சுங்கை பட்டாணி முதலிய ஊர்களிலிருந்து அதே முறையீடுகள் எழுந்தன. ஒரு மன்றத்தின் எல்லைக்குள் மட்டும் நடவடிக்கை எடுக்கப்படின் கழிவு அடுத்த எல்லைக்கு நகர்கிறது என்பதை இது உணர்த்துகிறது.

ஆறு தந்த எச்சரிக்கை

2020 செப்டம்பர் 3ஆம் நாள் ரவாங் வட்டாரச் சுங்கை கோங்கில் கலந்த மாசினால் சிலாங்கூர் ஆற்று நீரை நம்பியிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. 1,292 பகுதிகளில் நீர் தடைபட்டது. ஆற்றில் கழிவிடுதலை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆம் பிரிவே குற்றமாக்கியிருந்தது. சட்டம் இல்லாமையன்று, நிகழ்விடத்தில் காண்பார் இல்லாமையே குறை என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு கருத்துகள் புலனாகின்றன. ஒன்று, தோட்டம் ஊராட்சிக்கு வெளியே வைக்கப்பட்டதன் விளைவு தோட்டம் மறைந்த பின்னரும் நீடிக்கிறது. மற்றொன்று, நாள், இடம், நில எண், படம் ஆகிய சான்றுகளுடன் உரிய அலுவலகம் ஒவ்வொன்றிற்கும் சென்ற புகாரே பயன் தருகிறது. தோட்ட நிலத்தில் எழுந்த தமிழ்ப்பள்ளிகள் பல இன்றும் இவ்வட்டாரத்தில் உள்ளன. அங்குப் பணியாற்றும் ஆசிரியர்கள் பழைய தோட்ட எல்லைகளையும் ஓடைகளின் பெயர்களையும் முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். எழுதத் தயங்கும் பெற்றோர்க்கு மலாய் மொழியில் புகார் வரைந்து தரலாம். இவ்விரு பணிகளையும் நம் துறையினரும் ஆய்வுக்குரியனவாக மேற்கொள்வராயின், தோட்டத்து வரலாறு அங்கு இன்றும் வாழ்வோர்க்குப் பயன்படும்.