காத்மாண்டு அரண்மனைத் துப்பாக்கிகளும் ஒரு பித்தளைத் தோட்டாவும்

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினார். வயதான ஒருவர் நீளத் துப்பாக்கி ஒன்றைத் துடைத்து, தானே செய்த தோட்டாவைப் போட்டுச் சுடுகிறார். சுட்டதும் ஆளே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. "சார், இது நேபாள அரண்மனையிலிருந்து வந்த துப்பாக்கியாம், உண்மையா? நூறு வருஷத்துக்கு முந்தைய துப்பாக்கிக்குத் தோட்டா எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருந்தார். இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. வரலாற்றில் துப்பாக்கியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தோட்டாவை விட்டுவிடுகிறோம்.

முதல் கேள்விக்குப் பதில்: உண்மைதான். காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்று ஒரு பழைய அரண்மனை. சிலேகானா என்றால் ஆயுதக் கிடங்கு. பிரிட்டிஷ் காலத்துப் பழைய துப்பாக்கிகள் பல்லாயிரக்கணக்கில் அங்கே அடுக்கடுக்காகக் கிடந்தன. 2003இல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அமெரிக்கச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கி பழம்பொருள் கணக்கில் வரும். அதனால் இறக்குமதியும் எளிதாயிற்று.

அந்தக் குவியலில் இருந்தவற்றில் முக்கியமானது மார்ட்டினி ஹென்றி. 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்டது. பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். தோட்டா போடும் பகுதியை அமைத்தவர் சுவிட்சர்லாந்தில் தொழிற்சாலை வைத்திருந்த ஃப்ரெட்ரிக் மார்ட்டினி. குழலின் உட்புற வரிகளை வடிவமைத்தவர் எடின்பரோவின் அலெக்ஸாண்டர் ஹென்றி. கீழே உள்ள நெம்புகோலை இறக்கினால் வாய் திறக்கும், தோட்டாவைப் போட்டு நெம்புகோலை ஏற்றினால் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை சுடலாம்.

பத்தாம் வகுப்பில் "கொழுப்பு தடவிய தோட்டா" என்று 1857 கிளர்ச்சிக்கு ஒரு காரணம் எழுதி மதிப்பெண் வாங்கினீர்களே, நினைவிருக்கிறதா? அந்தத் தோட்டா வெறும் காகிதப் பொட்டலம். உள்ளே மருந்தும் குண்டும் இருக்கும். பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் முனை வழியாகக் கொட்டி, குண்டை ஒரு கம்பியால் இடித்து இறக்க வேண்டும். என்ஃபீல்டு துப்பாக்கி அது. கடிக்க வேண்டியிருந்ததால்தான் பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற கேள்வியே எழுந்தது. மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரை வீரர்களுக்குச் சிறைத் தண்டனை கொடுத்த மறுநாள், மே 10 அன்று, கிளர்ச்சி வெடித்தது.

அடுத்த பத்தாண்டுக்குள் காகிதம் போய் உலோகத் தோட்டா வந்துவிட்டது. கர்னல் பாக்ஸர் என்பவரின் வடிவம். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்புத் தட்டு ஒன்றைப் பொருத்துவார்கள். நம் தீபாவளி பொட்டு வெடி மாதிரி ஒரு கேப் அடியில் இருக்கும். ஊசி அதில் குத்தினால் உள்ளே மருந்து பற்றிக்கொள்ளும். மார்ட்டினி ஹென்றித் தோட்டாவில் மருந்து ஐந்தரை கிராம், ஈயக் குண்டு 31 கிராம். வீட்டுக் கணக்கில் சொன்னால், குண்டு மட்டும் ஏறக்குறைய நாலு பவுன் எடை.

இந்தச் சுருட்டிய தகடு தொழிற்சாலையில் மலிவு, போர்க்களத்தில் ஆபத்து. சுடச்சுடக் குழல் சூடேறும். கரிமருந்து எரிந்த பின் பாதிக்கு மேல் கசடாகவே மிஞ்சும். அந்தக் கசடோடு சூடும் மணலும் சேர்ந்தால் சுட்ட உறை உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெளியே இழுக்கும் கொக்கி அடித்தட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கிழிந்த பித்தளை உள்ளேயே நிற்கும். கத்தியால் நோண்டுவதற்கு எதிரி நேரம் கொடுப்பானா?

1885 ஜனவரி 17, சூடானில் அபூ க்ளியா என்ற இடம். கார்ட்டூமில் முற்றுகையில் சிக்கிய ஜெனரல் கார்டனை மீட்க ஒட்டகங்களில் போன சுமார் 1,400 பேர் கொண்ட படை சதுர வியூகத்தில் நின்றது. மஹ்தியின் வீரர்கள் ஓடிவந்து மோதினார்கள். பலருடைய துப்பாக்கி அந்த நேரத்தில் அடைத்துக்கொண்டது. கையால் சுழற்றும் கார்ட்னர் இயந்திரத் துப்பாக்கியும் அடைத்துக்கொண்டது. கர்னல் பர்னபி அங்கேதான் இறந்தார். (ஹென்றி நியூபோல்ட் இந்தச் சண்டையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கவிதையில் அடைத்துக்கொண்டது கேட்லிங் துப்பாக்கி என்று எழுதிவிட்டார். கார்ட்னர்தான். கவிஞர்களுக்கு இந்தச் சலுகை உண்டு, தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கிடையாது.) அன்று படை எப்படியோ நிலைத்து நின்றது. ஆனால் கார்டனைக் காப்பாற்ற முடியவில்லை. ஜனவரி 26இல் கார்ட்டூம் வீழ்ந்தது. சூடான் அனுபவத்துக்குப் பிறகு சுருட்டிய தகட்டைக் கைவிட்டு, ஒரே பித்தளைத் துண்டிலிருந்து இழுத்துச் செய்த உறைக்கு மாறினார்கள்.

சரி, நேபாளத்துக்கு ஏன் இத்தனை துப்பாக்கி? இங்கேதான் நம் சொந்த வரலாறு வருகிறது. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். இந்தியச் சிப்பாய் கையில் இருப்பது வெள்ளைக்காரச் சிப்பாயின் துப்பாக்கியை விட ஒரு தலைமுறை பழையதாக இருக்க வேண்டும். அவர்கள் மார்ட்டினி ஹென்றிக்கு மாறிய 1870களில் நம்மவருக்குப் பழைய ஸ்னைடர். அவர்கள் லீ மெட்ஃபோர்டுக்குப் போன பிறகு, 1890களில்தான் நம்மவருக்கு மார்ட்டினி. மலைப் பீரங்கிப் படைகள் தவிர மற்றப் பீரங்கிகளை இந்தியர் கையில் கொடுக்கவே இல்லை. நம்பிக்கை எவ்வளவு என்பதைத் தோட்டாவின் வயதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நேபாளத்தின் ராணாக்கள் 1858இல் லக்னோவைப் பிடிக்க ஆங்கிலேயருக்குப் படை கொண்டுவந்து உதவியவர்கள். அவர்களுக்கே புதிய ஆயுதம் கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை. அதனால் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். பிரதமர் வீர் ஷம்ஷேரின் மகன் ஜெனரல் கஹேந்திர ஷம்ஷேர் ஒரு துப்பாக்கியை வடிவமைத்தார். வெளியே பார்த்தால் மார்ட்டினி, உள்ளே அமைப்பு வேறு. அப்பா பெயரில் 'வீரா' என்று இரட்டைக் குழல் இயந்திரத் துப்பாக்கி ஒன்றும் செய்தார். அபூ க்ளியாவில் அடைத்துக்கொண்டதே, அதே கார்ட்னரைப் பார்த்துச் செய்தது! மலைநாட்டுப் பட்டறையில் அரம் கொண்டு ராவி ராவிச் செய்த வேலை. ஒரு துப்பாக்கியின் திருகாணி இன்னொன்றுக்குப் பொருந்தாது. தேவநாகரியில் எண்கள் குத்தியிருக்கும்.

பழுதுபார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம். பல ஆண்டுகள் கிடந்ததில் கிரீஸ் கெட்டித்துக் கல்லாகியிருக்கும். அதைப் பொறுமையாகக் கரைத்து எடுக்க வேண்டும். பளபளப்பு வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தேவநாகரி எண்களும் பட்டறை முத்திரையும் போய்விடும். கட்டையில் யாரோ கத்தியால் செதுக்கிய கோடும் போய்விடும். இரும்பு மிஞ்சும், சாட்சி போய்விடும். நல்ல கைக்காரர்கள் துருவை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தொடுவதில்லை. கஹேந்திரா துப்பாக்கிகளை யாரும் சுட வேண்டாம், சுவரில் மாட்டிவைக்கத்தான் என்று விற்றவர்களே எச்சரித்தார்கள். என் கருத்தைக் கேட்டால், அவை காத்மாண்டுவில் ஒரே இடத்தில் இருந்து, எந்தப் படைப்பிரிவுக்கு எது போனது என்று ஆராய்ந்து எழுதிய பிறகு விற்றிருக்கலாம். இப்போது ஆளுக்கொன்றாகச் சிதறிவிட்டது. துருப்பிடித்து மண்ணாவதற்கு இது மேல் என்று வாதிடுவோரும் உண்டு. அதையும் தள்ள முடியவில்லை.

சுடக்கூடிய நிலையில் உள்ள மார்ட்டினிகளுக்குத் தோட்டா செய்வது தனிக் கலை. கடையில் எளிதில் கிடைக்காது. வேட்டைத் துப்பாக்கியின் 24 காஜ் பித்தளை உறையை அச்சில் வைத்து அழுத்தி, கழுத்தைச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஈயத்தில் சிறிது வெள்ளீயம் கலந்து குண்டு வார்க்கிறார்கள். ஈரக் காகிதத்தைக் குண்டின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றிக் காயவிட்டால், காய்ந்ததும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஈயம் குழலில் ஒட்டாமல் இருக்க அந்தக் காலத்துத் தந்திரம் அது. மருந்து பழைய கரிமருந்துதான். இன்றைய புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் தாங்காது, முகத்திலேயே வெடிக்கும். சுட்டு முடித்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கசடு ஈரத்தை இழுத்து விரைவில் துரு ஏறிவிடும். (வீடியோ பார்த்துவிட்டு யாரும் முயல வேண்டாம். நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

அந்தக் கரிமருந்தின் முக்கியப் பொருள் வெடியுப்பு. கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் பாட்னா பக்கம் மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்க வைத்துக் கப்பல் கப்பலாக ஏற்றியது. இங்கிலாந்தின் எத்தனையோ போர்களில் வெடித்தது பீகார் மண்.

வேதியியல் படித்தவர்களுக்காக இன்னும் ஒன்று. இந்தியாவில் ஆங்கிலேயப் படையின் பித்தளைத் தோட்டாக்களில் மழைக்காலம் வந்தால் விரிசல் விழுந்தது. கோடையில் நன்றாக இருக்கும், மழை முடிந்து பெட்டியைத் திறந்தால் கழுத்தில் கீறல். 'பருவ விரிசல்' என்று பெயர் வைத்தார்கள், காரணம் மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரையின் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியது. எல்லாப் பித்தளையையும் அல்ல. இழுத்து வளைத்ததில் உள்ளுக்குள் விறைப்பு தங்கிப்போன இடத்தை மட்டும்.

தீர்வு எளிது. தோட்டாவின் கழுத்தைக் கொஞ்சம் சூடாக்கினால் விறைப்பு தளர்ந்துவிடும். வீடியோவில் அந்தப் பெரியவர் வெற்று உறைகளின் வாயைத் தீயில் காட்டி எடுத்தாரே, அது இதற்குத்தான். ராணுவத் தோட்டா எதையாவது எங்காவது கண்காட்சியில் பார்த்தால் கழுத்துப் பக்கம் கவனியுங்கள். லேசான நீலமும் பழுப்பும் கலந்த சூட்டுத் தழும்பு இருக்கும்.