ஈராஸ் பாதிரியார்: ஒரு வரலாற்று வாத்தியாரின் 33 ஆண்டுகள்

என் வயதை ஒட்டியவர்கள் 'ஈராஸ் பாதிரியார்' என்ற பெயரைத் தமிழ் மேடைகளில் கேட்டிருப்பார்கள். "சிந்துவெளி மக்கள் பேசியது திராவிட மொழி என்று ஸ்பெயின் நாட்டுப் பாதிரியாரே சொல்லிவிட்டார்" என்று பேச்சாளர் முழங்குவார், கைதட்டல் எழும். அத்தோடு சரி. அவர் எந்தக் கல்லூரியில் என்ன பாடம் நடத்தினார், எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று யாரும் அடுத்த வாக்கியம் பேசிக் கேட்டதில்லை. திருப்பூரில் மேல்நிலைப் பள்ளியில் பல வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த அடுத்த வாக்கியம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவரும் அடிப்படையில் ஒரு வரலாற்று வாத்தியார்தானே!

என்ரிக் ஹீராஸ் 1888 செப்டம்பர் 11ல் பார்சிலோனாவில் பிறந்தவர். ஏசு சபைத் துறவி. 1922ல், 34 வயதில் பம்பாய் வந்து, செயின்ட் சேவியர் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். பம்பாய்க்கு ஸ்பெயின்காரர் ஏன் வர வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் கல்லூரியை 1869ல் தொடங்கியவர்கள் ஜெர்மன் ஏசு சபையினர். முதல் உலகப் போர் வந்ததும் ஆங்கில அரசு அவர்களை எதிரி நாட்டாராக நடத்தி வெளியேற்றியது. போர் முடிந்த பிறகு அந்தப் பணி ஸ்பெயின் நாட்டுத் துறவிகளிடம் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் நடந்த சண்டையின் பலனாக இந்திய வரலாற்றுக்கு ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தார்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். எந்த நாட்டு வரலாறு நடத்துகிறீர்கள் என்று கல்லூரி முதல்வர் கேட்டாராம். மாணவர்களுக்கு எது மிகக் குறைவாகத் தெரியும் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். இந்திய வரலாறுதான் என்று பதில் வந்தது. அப்படியானால் அதையே நடத்துகிறேன் என்றாராம். கதை எப்படியோ, வந்த நான்கே ஆண்டுகளில் அவர் செய்த காரியங்களைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. 1926ல் இந்திய மாணவர்களுக்காக வரலாறு எழுதும் முறை பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் கல்லூரிக்குள்ளேயே இந்திய வரலாற்று ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். நூலகம், நாணயங்கள், சிற்பங்கள், ஓவியங்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பரீட்சைக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் போதும் என்று இருந்த காலத்தில், மூலச் சான்றைக் கையில் எடுத்துப் பார் என்று மாணவனிடம் சொன்னவர் அவர்.

1927ல் அவருடைய பெரிய நூல் வந்தது: விஜயநகரத்தின் அரவீடு வம்சம் பற்றியது. பதிப்பித்தது நம் சென்னையில் இருந்த பி.ஜி. பால் நிறுவனம். நாம் பள்ளியில் படிக்கும்போது 1565 தலைக்கோட்டைப் போரோடு விஜயநகரம் முடிந்துவிடும். ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். உண்மையில் அதற்குப் பிறகும் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகர் மாறி மாறி அந்த அரசு பல பத்தாண்டுகள் இருந்தது. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் பெயருக்குக் கீழ்ப்படிந்தும் மெல்ல மெல்ல விலகியும் போனது அந்தக் காலத்தில்தான். கொங்கு நாட்டில் இருக்கும் நாம் மதுரை நாயக்கர் ஆட்சிக்குள் இருந்தவர்கள். ஆகவே அது நம் கதையும்கூட.

கல்வெட்டும் செப்பேடும் மட்டும் வைத்து அவர் அதை எழுதவில்லை. பாதிரியார்கள் தம் மேலிடத்துக்கு அனுப்பிய கடிதங்கள், போர்த்துகீசிய ஆவணங்கள் ஆகியவற்றையும் எடுத்துக் கல்வெட்டோடு ஒப்பிட்டார். அந்தப் பாதிரியார்கள் வந்தது மதம் பரப்ப. ஆனால் அரசவை, பஞ்சம், சண்டை, சாதி வழக்கம் என்று பார்த்ததை எல்லாம் எழுதினார்கள். யாரோ ஒருவர் எழுதினார், வேறொருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார், முந்நூறு ஆண்டு கழித்து ஒரு பேராசிரியர் பிரித்துப் பார்த்தார். வரலாறு இப்படித்தான் பிழைக்கிறது.

அவர் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விஜயநகரத்தின் தொடக்கம் பற்றி 1929ல் ஒரு நூல் எழுதினார். வித்யாரண்யர் அருளால் அந்த நகரம் உண்டானது என்ற கதை, பிற்காலத்தில் சிருங்கேரி மடத்தில் உருவானது என்றும், நகரத்துக்கு அடித்தளம் போட்டவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் என்றும் வாதிட்டார். பெரிய சர்ச்சை ஆனது. நீலகண்ட சாஸ்திரி போன்றவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். ஆனால் யாரும் யாரையும் ஊரை விட்டுத் துரத்தவில்லை. கல்வெட்டுக்குக் கல்வெட்டு, ஏட்டுக்கு ஏடு என்று பதில் வந்தது. இன்று வரலாறு பற்றி வாட்ஸ்அப்பில் நடக்கும் சண்டைகளைப் பார்க்கும்போது அந்தக் காலத்து நாகரிகம் நினைவுக்கு வருகிறது.

இனி மேடைப் பேச்சாளர்கள் கைதட்டல் வாங்கிய விஷயத்துக்கு வருகிறேன். ஹீராஸ் பம்பாய் வந்த இரண்டாவது வருடம், 1924 செப்டம்பரில், சிந்துவெளி நாகரிகத்தை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தார். முத்திரைகளில் இருந்த எழுத்து யாருக்கும் புரியவில்லை. ஹீராஸ் அதில் இறங்கினார். மொழி திராவிடம் என்று எடுத்துக்கொண்டு படித்தார்.

அவருடைய வாசிப்பில் இன்றும் பேசப்படுவது மீன் குறி. முத்திரைகளில் மீன் வடிவம் அடிக்கடி வருகிறது. இத்தனை முத்திரையிலும் மீன் வியாபாரத்தையா எழுதியிருப்பார்கள்? தமிழில் மீன் என்றால் நீரில் நீந்துவதும் மீன், வானில் மின்னுவதும் மீன். நட்சத்திரத்தை வரைவதற்குப் பதில், அதே ஒலியுள்ள மீனை வரைந்திருக்கலாம் என்பது அவர் வாதம். வகுப்பில் இதை நான் 'ஆறு' என்ற சொல்லை வைத்து விளக்குவேன். ஆறு எண்ணும் ஆகும், நதியும் ஆகும். நதியை வரைந்து ஆறு ரூபாய் என்று படித்தால் எப்படியோ, அப்படி. பையன்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். சங்கப் பாடல்களில் கார்த்திகைக்கு அறுமீன் என்றும், ஏழு முனிவர் விண்மீன் கூட்டத்துக்கு எழுமீன் என்றும் பெயர் உண்டு. முத்திரைகளிலும் மீனுக்குப் பக்கத்தில் எண்ணிக்கைக் கோடுகள் வருகின்றன. பின்னாளில் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா இந்த வழியைத்தான் விரிவாக எடுத்துச் சென்றார். 2010ல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் விருது பெற்றாரே, அவர்தான்.

ஆனால் ஹீராஸ் மீனோடு நிற்கவில்லை. ஏறக்குறைய எல்லா முத்திரைகளையும் படித்துவிட்டதாகவே எழுதினார். 1953ல் வந்த அவருடைய பெரிய நூலில் அந்த வாசிப்புகள் இருக்கின்றன. அவற்றை அறிஞர்கள் ஏற்கவில்லை. காரணம் எளிது. முத்திரை வாசகங்கள் சராசரியாக ஐந்து குறிகள்தான் நீளம். இரண்டு மொழியில் எழுதிய ஒரு கல்லும் கிடைக்கவில்லை. ஐராவதம் மகாதேவன் 1977ல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகளைப் பட்டியலிட்டார். இத்தனை குறி, இத்தனை சிறிய வாசகம், சரிபார்க்க வழியில்லை என்றால் யாரும் எப்படியும் படிக்கலாம். 2025 ஜனவரியில் தமிழக முதல்வர், இந்த எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தார். பரிசு அறிவிக்க வேண்டியிருக்கிறது என்றாலே, இன்னும் யாரும் படிக்கவில்லை என்றுதான் பொருள்.

தமிழர் பெருமைக்கு ஆதாரம் சொன்ன ஒருவரைக் குறை சொல்லலாமா என்று சில நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒரு சாட்சி நமக்குச் சாதகமாகப் பேசுகிறான் என்பதற்காகக் குறுக்கு விசாரணை இல்லாமல் விட்டுவிடலாமா? அப்படிச் செய்தால் அவர் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறையையே நாம் மதிக்கவில்லை என்றாகிறது. அவருடைய மீன் வாசிப்பு இன்றும் நிற்பது, அவரைத் திருத்தியவர்கள் அதைச் சலித்து எடுத்து வைத்ததால்தான்.

1955 டிசம்பர் 14ல் ஹீராஸ் பம்பாயிலேயே காலமானார். 33 ஆண்டுகள், ஒரே கல்லூரி. அவரிடம் பயின்ற ஜார்ஜ் மொரேஸ் 1931லேயே கடம்பர் வரலாற்றை எழுதிப் பெயர் பெற்றார். ஆராய்ச்சி நிலையம் இன்று ஹீராஸ் பெயரிலேயே நடக்கிறது. 1981ல் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. ஒரு வாத்தியாருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இதை எல்லாம் திருப்பூர்க்காரன் ஏன் எழுதுகிறேன் என்றால், நம் ஊரில் வரலாற்றுப் பாடத்துக்கு உள்ள மரியாதை உங்களுக்குத் தெரியும். "ஏனுங் சார், இந்த ஹிஸ்டரியப் படிச்சு என்னங்க பண்றது? நாளைக்கே ஓவர்லாக்ல உக்காந்தா சனிக்கிழமை சம்பளம் வந்துருமுங்க" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். வீட்டு வாடகை கட்ட வேண்டியவர் கேட்ட நியாயமான கேள்வி அது. பையனுக்கு வேலை வாங்கிக் கொடுக்க என் பாடத்தால் முடியாது. இந்த ஊர் அவனுடையது என்று காட்ட முடியும்.

காட்டுவதற்கு இங்கே என்ன குறை? காங்கயம் பக்கம் படியூரில் பச்சைக்கல் எடுத்தார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கல் பட்டறையும், இரும்பு உருக்கிய இடமும், தமிழி எழுத்துள்ள ஓடுகளும், நூல் நூற்ற தக்களிகளும் கிடைத்தன. பேராசிரியர் எம். ஆரோக்கியசாமி எழுதிய கொங்கு நாட்டு வரலாற்றைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1956லேயே வெளியிட்டது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கொங்கு பற்றி இத்தனை தெரிகிறது. ஆனால் 1920களில் பின்னல் மெஷின் வந்ததிலிருந்து நேற்று வரையான பனியன் தொழிலின் கதை எங்கே இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய கம்பெனியை மூடினார்கள். பெயர் வேண்டாம். நாற்பது வருடக் கணக்குப் பேரேடுகள், கூலி நோட்டுகள், நூல் வாங்கிய பில்கள் எல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போயின, கிலோ கணக்கில். யார் எந்த ஊரிலிருந்து வேலைக்கு வந்தார்கள், பெண்களுக்கு என்ன கூலி, எந்த வருடம் நூல் விலை ஏறியது என்று எல்லாம் அதில் இருந்திருக்கும். ரோமாபுரியில் பாதிரியார் கடிதத்தை வைத்திருந்ததால் சந்திரகிரி அரசவை நமக்குத் தெரிகிறது. அனுப்பர்பாளையத்து வீதியும் ராயபுரத்து வீதியும் நம் பேரப்பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கூலி நோட்டு, சங்கத் துண்டறிக்கை, கம்பெனி முன் எடுத்த போட்டோ எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். போட்டோவின் பின்னால் ஆள் பெயரும் வருடமும் பென்சிலால் எழுதி வையுங்கள். பக்கத்தில் உள்ள கல்லூரி வரலாற்றுத் துறையில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வாங்கவில்லை என்றால் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பரண் மேல் வையுங்கள், கரையான் அண்டாமல் வேப்பிலையோடு.