பெருமூளை வாதமும் கால் தாங்கிகளும்

பெருமூளை வாதத்தால் கால் தசைகள் இறுகிய குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் தாங்கி, பேச்சுவழக்கில் ‘காலிப்பர்’ எனப்படுகிறது. இப்பாதிப்பை முதலில் விரிவாக விளக்கியவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் (1810–1894). அவருக்கே சிறுவயதுக் காய்ச்சலொன்றால் ஒரு பாதம் திருகியிருந்தது. 1836இல் ஜெர்மானிய மருத்துவர் ஸ்ட்ரோமேயர் குதிகால் நாணை அறுத்து, பின்னர்ப் பாதத்தைக் கருவியில் கட்டிச் சிறுகச் சிறுகத் திருத்தினார். பெருமூளை வாதம் நெடுங்காலம் ‘லிட்டில் நோய்’ என்றே வழங்கியது.

1930களில் அமெரிக்க மருத்துவர் விந்திராப் பெல்ப்ஸ் இக்குழந்தைகளுக்குத் தாங்கிகளைப் பெரிதும் பயன்படுத்தினார். அக்காலத் தாங்கிகள் உலோகமும் தோலும் கொண்டவை. சில இடுப்புவரை நீண்டன. கால் நேராக நின்றது. ஆனால் அந்தச் சுமையையும் குழந்தையே தூக்கி நடக்க வேண்டியிருந்தது.

1970களில், காலை அச்செடுத்து வார்க்கும் பாலிபுரோப்பிலீன் தாங்கி பரவியது. இலேசானது, காலணிக்குள் அடங்குவது. நுனிக்காலில் நடந்த குழந்தை இதனால் குதிகாலை ஊன்றுகிறது. அடியின் நீளமும் கூடுகிறது. எனினும், கணுக்கால் மடங்காததால் குந்துவதும் தரையிலிருந்து எழுவதும் படியிறங்குவதும் கடினமாகின்றன. தரையில் அமர்ந்து உண்ணும் வீடுகளில் இது சிறு குறையன்று. நடையையே அளந்துகொண்டிருந்த மருத்துவம் இதைத் தாமதமாகவே கவனித்தது. உலக சுகாதார அமைப்பின் 2001ஆம் ஆண்டு வகைப்பாடு, உறுப்புக் குறையோடு அன்றாடச் செயலையும் பங்கேற்பையும் சேர்த்தே கருதியது. உடுத்தல், கழிப்பறை, விளையாட்டு பற்றிப் பெற்றோரிடம் கேட்டறியும் வழக்கம் அதன்பின் வலுப்பெற்றது.