தானே தூரம் அளந்த காமிரா

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் வடமேற்காகச் செல்பவர்கள் விளாங்குடியைக் கடந்ததும் பரவையை அடைவார்கள். வைகையின் வடபுறத்து வயல்களின் நடுவே வளர்ந்த இவ்வூர், பஞ்சாலையாலும் மொத்த வியாபாரக் காய்கறிச் சந்தையாலும் அக்கம்பக்கத்தில் பெயர் பெற்றிருந்தது. 2003-ல் ‘தூள்’ படம் வெளிவந்த பிறகு, பாடகி பரவை முனியம்மாவின் குரலால் தமிழ்நாடு முழுவதும் அறிந்த பெயராயிற்று. புகைப்படக் கலையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இத்தகைய ஊர்களில் வந்து நிற்பதில்லை. கோபுரமும் அரண்மனையும் பெயர்ப்பலகை மாட்டிய ஸ்டுடியோவும் உள்ள இடங்களையே அவர்கள் நாடுகிறார்கள். ஆயினும், இந்தச் சமவெளியில் சாமானியக் குடும்பங்கள் தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொள்ளத் தொடங்கிய வரலாறு, பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலும் காதுகுத்துப் பந்தலிலும், கடல் கடந்து வந்த ஒரு சிறு ஜப்பானியப் பெட்டியைப் பலர் சுற்றி நின்று பழகிக்கொண்ட வரலாறாகவே இருக்கிறது.

மதுரையைக் காமிரா கண்ட கதை 1858-ல் தொடங்குகிறது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ உத்தியோகஸ்தர், அந்த ஆண்டில் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் பெரிய பெரிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். அவை நான்கு பகுதிகளாக நூல் வடிவிலும் வெளிவந்தன. ஒளியை நெடுநேரம் உள்ளே விட்டால்தான் பிம்பம் பதியும் என்ற காலம் அது. ஆகவே தூண் நின்றது, சிலை நின்றது, கோபுரம் நின்றது. அசைந்து கொண்டே இருந்த மதுரை மக்கள் மட்டும் அந்தப் படங்களில் அநேகமாக இடம்பெறவில்லை.

மக்கள் படத்துக்குள் வந்தது ஸ்டுடியோக்களின் வழியாகத்தான். சித்திரம் தீட்டிய திரை, மாடிப்படியும் பூந்தொட்டியுமாக ஓர் அந்நிய மாளிகை, சாய்ந்துகொள்ள ஒரு மர ஸ்டூல் ஆகிய இவற்றின் நடுவே நின்று, அசையாதிருக்கும்படி ஆக்ஞை பெற்று எடுத்துக்கொண்ட படமே பல குடும்பங்களில் ஒரே படமாக இருந்தது. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, பின்புறத்துத் தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்த்து, அது கூர்மையாகும் வரை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவார். லென்ஸுக்கும் எதிரில் நிற்பவருக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து, அதற்கேற்ப லென்ஸை நிறுத்தும் இந்த ஒரு காரியமே அவருடைய தொழிலின் மர்மம் என்று ஜனங்கள் நம்பினார்கள். பிற்காலத்தில் கறுப்புத் துணி போய், இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கும் யாஷிகா இரட்டை லென்ஸ் காமிரா கல்யாண வீடுகளுக்கு வந்தபோதும் அந்த மர்மம் கலையவில்லை.

அந்த வித்தையின் உச்சத்தைச் சடைப்படத்தில் காணலாம். பெண் பெரியவளானால், தாய்மாமன் சீர் வந்து, தாழம்பூவும் மல்லிகையும் வைத்துச் சடை தைத்து, ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போவது இப்பக்கத்துச் சம்பிரதாயம். முகமும் தெரியவேண்டும், முதுகில் தொங்கும் பூச்சடையும் தெரியவேண்டும். ஆகவே அவளுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து வைப்பார்கள். இதில் உள்ள சிக்கலைக் கவனிக்கவேண்டும். காமிராவிலிருந்து பெண் ஆறடி தூரத்தில் நிற்கிறாள், கண்ணாடி அவளுக்கு ஒன்றரை அடி பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கண்ணாடிக்குள் தெரியும் சடை ஏழரை அடியில் இல்லை, ஒன்பதடியில் இருக்கிறது. ஒளி கண்ணாடி வரை போய், அங்கிருந்து திரும்பிச் சடையைத் தொடுகிற தூரத்தையும் லென்ஸ் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இந்தக் கணிதத்தை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டாலும், போட்டோக்காரர் முகத்துக்கும் பிம்பத்துக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் லென்ஸை நிறுத்தி, அதன் துவாரத்தைச் சுருக்கி, “மூச்சப் புடிச்சுக்கம்மா” என்று சொல்லி, இரண்டையும் தெளிவாகப் பிடித்துவிடுவார்.

வீட்டார் கைக்கு முதலில் வந்த காமிராக்களோ இந்த வித்தையை அடியோடு தவிர்த்தவை. எட்டுப் படம் பிடிக்கும் கெவாபாக்ஸும், பன்னிரண்டு சதுரப் படம் பிடிக்கும் ஆக்ஃபா கிளிக் III-ம் அக்காலத்து நடுத்தரக் குடும்பத்தின் செல்வங்கள். சில அடிகளுக்கு அப்பால் உள்ளதெல்லாம் ஒரு மாதிரியாகத் தெரியும்படி லென்ஸை நிலையாகப் பொருத்தியிருந்தார்கள். வெயில், மேகம் என்று குறியிட்ட ஒரு திருகைத் தவிர யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. 1960-ல் உதகமண்டலத்தில் தோன்றிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்க ஸ்தாபனம், 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளை வெளியிட்டது. சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்பதே இந்தக் காமிராக்களின் முழு சாஸ்திரம். அதன் பயனாக அக்காலத்துப் படங்களில் நம் பெரியவர்கள் எல்லோரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முற்றத்தில் நிற்கிறார்கள். வீட்டின் உட்புறம் ஒருபோதும் படத்தில் வருவதில்லை.

உட்புறத்தைத் திறந்து காட்டியது, பிளாஷ் விளக்கைத் தன்னுள்ளேயே கொண்டு, தானே தூரம் அளக்கும் காமிரா. ஜப்பானின் கோனிகா கம்பெனி 1977-ல் வெளியிட்ட சி35 ஏ.எஃப். என்ற மாதிரிதான், பெருமளவில் உற்பத்தியாகிச் சாமானியருக்கு விற்பனையான முதல் ஆட்டோ போகஸ் சிறு காமிரா. அதன் நெற்றியில் இருந்த இரண்டு சாளரங்களின் வழியாக ஒரே பொருளின் இரு பிம்பங்கள் உள்ளே வரும். அமெரிக்காவின் ஹனிவெல் ஸ்தாபனம் உருவாக்கிய ஒரு சிறு கருவி, அவ்விரண்டையும் ஒத்துப் பார்த்து, அவை ஒன்றோடொன்று இசையும் நிலையைக் கொண்டு தூரத்தை நிர்ணயிக்கும். வெளிச்சம் குறைந்தால் இதன் சாமர்த்தியமும் குறைந்தது. 1979-ல் வந்த கேனன் ஏ.எஃப்.35எம் வேறு உபாயத்தைக் கையாண்டது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர் ஒன்றைத் தானே முன்னால் அனுப்பி, அது பட்டுத் திரும்பும் கோணத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டது. கதிர் திரும்பி வராவிட்டால், எதிரில் உள்ளது மலையோ வானமோ என்று முடிவு செய்து லென்ஸைத் தொலைவுக்கு நிறுத்திவிடும்.

இந்தக் காமிராக்கள் மதுரைப் பக்கம் வந்த வழி கடைவீதி வழியன்று. 1991-ன் பொருளாதார மாற்றங்களுக்கு முன்னால் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் கடுமையாக இருந்தபடியால், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் பெட்டிகளில், சேலைகளுக்கும் தைல பாட்டில்களுக்கும் நடுவே அவை வந்தன; அல்லது பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காகச் சென்னையில் அமைந்த பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வரப்பட்டன. தெருவில் ஒருவரிடம் காமிரா இருந்தால், அது அந்தத் தெருவுக்கே பொதுச்சொத்து. காதணி விழாவுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் இரவல் போகும். சுருளும் பாட்டரியும் இரவல் வாங்குபவர் பொறுப்பு.

எல்லாவற்றையும் யந்திரமே செய்துவிடும் என்ற அபிப்பிராயத்தோடு அதைக் கையில் எடுத்தவர்கள், கற்கவேண்டியவை இன்னும் மிகுதி என்பதை முதல் சுருளிலேயே தெரிந்துகொண்டார்கள். சுருளின் நுனியைச் சிவப்புக் குறி வரை இழுத்து வைத்து மூடவேண்டும். அரை அங்குலம் குறைந்தால் பல்சக்கரம் பற்றாது. முப்பத்தாறும் எடுத்ததாக நினைத்திருந்த சுருள் கழுவியபின் வெறும் சுருளாக வந்து நிற்கும். சுருள் திரும்பச் சுற்றி முடிவதற்குள் பின்கதவைத் திறந்தால் எடுத்தவை ஒளி பட்டுக் கருகும். விரல் பிளாஷை மறைக்கக்கூடாது. பிளாஷ் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் எட்டாது. பார்க்கும் சாளரமும் லென்ஸும் வெவ்வேறு துளைகளானபடியால், அருகில் நின்று குழந்தையை எடுத்தால் கண்ணில் முழுதாகத் தெரிந்த தலை படத்தில் வெட்டுண்டிருக்கும். இவற்றையெல்லாம், அந்நிய பாஷையில் அச்சிட்ட கையேட்டைவிட, கழுவக் கொடுத்த கடையில் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டிய போட்டோக்காரரே கற்றுக் கொடுத்தார். தம் தொழிலுக்குப் போட்டியாக வந்த சாதனத்துக்குத் தாமே ஆசிரியராக அமைந்தது அவருடைய விதி.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் நடுப்புள்ளியைப் பற்றியது. சாளரத்தின் மத்தியில் உள்ள சிறு கட்டத்தில் எது இருக்கிறதோ அதன் தூரத்தை மட்டுமே காமிரா அளக்கும். மணமக்கள் இருவரைச் சரிசமமாக நிறுத்தி நடுவில் குறிபார்த்தால், அந்தக் கட்டம் இருவர் தோள்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் விழும். காமிரா பின்சுவரை அளந்துகொள்ளும். மாப்பிள்ளையும் பெண்ணும் மங்கலாகவும் சுவரில் தொங்கும் நாட்காட்டி மிகத் தெளிவாகவும் படம் வந்து சேரும். சித்திரைத் திருவிழாவில், வைகறையில் அழகர் ஆற்றில் இறங்கும் வேளையில், ஆயிரம் தலைகளுக்குப் பின்னால் நின்று குதிரை வாகனத்தை நோக்கி அழுத்தினால், காமிரா முன்னே நின்றவரின் முண்டாசை அளந்து, அதையே பிளாஷால் வெள்ளையாக்கித் தரும். பின் வந்த மாதிரிகளில் இதற்குப் பரிகாரம் இருந்தது: முதலில் ஒருவர் முகத்தைக் கட்டத்துக்குள் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தித் தூரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, விரலை எடுக்காமல் காமிராவைத் திருப்பி, பிறகு முழுவதும் அழுத்துவது. “பாதி அமுக்கிப் புடிச்சுக்கங்க மாமா, வெரல எடுத்துராதீங்க” என்று அக்காள் மகன் சொல்ல, மாமா மூச்சடக்கி நிற்க, பந்தலே காத்திருந்த அந்தக் கணத்தில், நூறாண்டுக் காலம் போட்டோக்காரர் ஒருவரிடமே இருந்த பொறுப்பு, அதாவது இந்தக் கூட்டத்தில் யாருடைய முகம் தெளிவாக இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு, குடும்பத்தாரிடம் வந்து சேர்ந்தது.

சடைப்படம் மட்டும் இந்தக் காமிராவுக்குக் கடைசி வரை வசப்படவில்லை. கட்டம் முகத்தில் விழுந்தால் கண்ணாடிக்குள் இருந்த சடை மங்கியது. சாய்ந்த கண்ணாடியில் சடை தெரியாத இடத்தின் மேல் விழுந்தால் அகச்சிவப்புக் கதிர் வேறு திசையில் திரும்பிப்போய், காமிரா மலையைப் பார்ப்பதாக எண்ணி இரண்டையும் மங்கலாக்கியது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கண்ணாடியின் சாய்வு சற்றுத் தவறினால் பிளாஷின் வெளிச்சம் அதில் பட்டு வெள்ளைத் திட்டாக உட்கார்ந்துகொண்டது. ஆகவே வீட்டில் காமிரா இருந்தாலும், சடங்குக்கு ஸ்டுடியோவுக்குப் போகும் வழக்கம் பல குடும்பங்களில் நீடித்தது. இறந்தவரை நாற்காலியில் சார்த்தி, மாலையிட்டு, சுற்றத்தார் சூழ நின்று போட்டோக்காரரை வரவழைத்து எடுக்கும் பழைய வழக்கம் மாத்திரம் மெல்ல அருகியது. உயிரோடிருக்கையில் ஒரு படமேனும் எடுத்து வைக்காத குடும்பத்தின் கடைசி வாய்ப்பாக அது இருந்தது. அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் படமே வீட்டில் இருக்கும்போது அதற்கு அவசியம் குறைந்தது.

1991-ல் ஒலிம்பஸ் மியூ என்ற வழவழப்பான சிறு காமிராவும், 1997-ல் அதன் இரண்டாம் அவதாரமும் வந்தபோது, இச்சாதனம் அடையக்கூடிய செம்மையை ஏறக்குறைய அடைந்துவிட்டது. கலர் லேப்கள் மதுரையில் பெருகின. கறுப்பு வெள்ளைச் சுருள் செய்த உதகை ஆலை நலிந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் டிஜிட்டல் காமிராவும், அதன்பின் கைப்பேசியும் வந்து, தானே தூரம் அளந்த சுருள் காமிராவின் காலத்தை முடித்து வைத்தன. ஏறக்குறைய ஒரு தலைமுறையளவே நீடித்த குறுகிய காலம் அது.

அக்காலத்துப் படங்களைக் கலையழகு கருதி யாரும் பாராட்டமாட்டார்கள். ஆனால் சரித்திரக்காரனுக்கு அவற்றைப்போல் உதவக்கூடிய சாட்சி வேறில்லை என்பது என் துணிபு. ஸ்டுடியோக்காரருக்கு எது முக்கியம் என்று தெரியும்; அதனால் அவர் தீட்டிய திரையைத் தொங்கவிட்டு, வீட்டை முழுவதும் மறைத்துவிட்டார். ஆட்டோ போகஸ் காமிராவுக்கோ தூரம் தெரியுமே தவிர உறவு தெரியாது. அந்த அறியாமையினால் அது மணமக்களை விட்டுச் சுவரைப் பிடித்தது. சுவரில் இருந்த நகைக்கடை நாட்காட்டியின் தேதியை, பரணில் அடுக்கிய பித்தளைக் குடங்களை, சுவிட்சுப் பலகையை, புதிதாக வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் விரித்த பூவேலைத் துணியைக் கூர்மையாகப் பதித்தது. ஓர் ஆலைத் தொழிலாளியின் வீடு அந்த ஆண்டில், அந்த மாதத்தில் எப்படி இருந்தது என்பதை, எடுத்தவர் வேண்டாமல் எடுத்த இந்தப் பிழைப்படங்களே நமக்குச் சொல்கின்றன.

பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, பழைய தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறது. வீட்டு ஆல்பங்களுக்கு இத்தகைய ரட்சகர் கிடைப்பது அரிது; கலர்ப் பிரதிகளோ கறுப்பு வெள்ளையைவிட விரைவில் நிறம் மாறுபவை. ஆகவே அந்தக் கடமை ஆல்பம் உடைய ஒவ்வொரு வீட்டாரையும் சேர்ந்ததாகிறது. நெகட்டிவ் உறைகளைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாமல் ஈரமில்லாத இடத்தில் வைப்பதும், மங்கலான படம் என்று எதையும் கிழித்தெறியாமல் இருப்பதும், ஞாபகமுள்ள பெரியவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் ஊரும் பெயரும் ஆண்டும் பென்சிலால் எழுதி வைப்பதும் பெரும் பிரயாசையான காரியங்கள் அல்ல. தூரத்தை அளப்பதைத்தான் யந்திரத்திடம் ஒப்படைத்தோம். படத்தில் நிற்பவர் இன்னார் என்று எழுதி வைக்கும் வேலை அன்றும் இன்றும் மனிதருடையதுதான்.