இரண்டு ஊரில் ஒரே தரவு

ஒரு வட்டில் எழுதுவதை அப்படியே இன்னொரு வட்டிலும் எழுதிவைக்கும் முறை கணினி அறைகளில் வெகுகாலமாக உண்டு. வட்டு பழுதானால் அது காப்பாற்றும். கட்டடமே தீப்பற்றினால் காப்பாற்றாது. அதற்காகவே 1980களில் வங்கிகள் இரவுதோறும் காந்த நாடாவில் நகலெடுத்து, வண்டியில் ஏற்றி வேறு கட்டடத்துக்கு அனுப்பின. விபத்து நேர்ந்தால், கடைசி நாடாவுக்குப் பிறகு பதிவான வரவுசெலவெல்லாம் போனதுதான்.

1994இல் அமெரிக்காவின் இ.எம்.சி. நிறுவனம், மோஷே யானாய் குழுவினர் வடிவமைத்த சிம்மெட்ரிக்ஸ் சேமிப்புக் கருவியில் எஸ்.ஆர்.டி.எஃப். என்ற வசதியைக் கொண்டுவந்தது. எழுத வரும் ஒவ்வொரு தரவையும் கருவியே தொலைவிலுள்ள தன் இணைக்கு அனுப்பும். அங்கே பதிவானது என்று பதில் வந்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணினிக்குச் சொல்லும். ஆகவே இழப்பே இல்லை. ஆனால் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ.தான் செல்லும், 100 கி.மீ. தொலைவுக்குப் போய்த் திரும்ப 1 மில்லிவினாடி பிடிக்கும். எழுதும்போதெல்லாம் இந்தத் தாமதம் சேர்வதால், தொலைதூர ஊர்களுக்குப் பதிலை எதிர்பாராமல் பின்னாலேயே அனுப்பும் முறை வந்தது. அதில் கடைசிச் சில நொடிகளின் தரவு தொலையக்கூடும்.

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிலிப் ரைஸ்னர் தம் பட்ட ஆய்வாகத் தொடங்கிய டி.ஆர்.பி.டி. மென்பொருள், இதே வேலையைச் சாதாரண லினக்ஸ் கணினிகளுக்கும் எட்டச் செய்தது. 2010இல் அது லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்தது.

நகலெடுப்பது இதில் சுலபமான பாதி. இரண்டு தரவு மையங்களும் நலமாக இருக்க, நடுவிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால்தான் உண்மையான சிக்கல். மற்றது செத்துவிட்டது என்று ஒவ்வொன்றும் நினைத்துத் தனித்தனியே எழுதத் தொடங்கினால், ஒரே கணக்குக்கு இரண்டு ஏடுகள் உருவாகிவிடும். பிறகு அவற்றை ஒன்றுசேர்க்க நேரான வழி கிடையாது. இதைத் தவிர்க்க மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சிக் கணினி வைக்கப்படுகிறது. அதன் ஒப்புதல் பெற்ற மையம் மட்டுமே தொடர்ந்து இயங்கும்.

இணைப்பு அறுவது எவ்வளவு பெரிய இடரென்று 2021 பிப்ரவரி 24 காட்டியது. தேசியப் பங்குச் சந்தைக்கு மும்பையில் முதன்மை மையமும், அருகிலேயே ஒரு மாற்று மையமும், சென்னையில் இன்னொன்றும் இருந்தன. அன்று மும்பை மையங்களுக்கு இடையிலான தொலைத்தொடர்பு இணைப்புகள் பழுதாக, முதன்மை மையத்தின் சேமிப்பு அமைப்பும் சர்வர்களுக்குப் பதில் தராமல் நின்றது. காலை 11.40க்கு நின்ற வணிகம் மாலை 3.45க்குத்தான் மீண்டும் தொடங்கியது. சென்னை மையத்துக்கு அது மாற்றப்படவே இல்லை.